மூன்று சுற்றும் ஒரு பலகையும்

இப்போது வரத் தொடங்கியிருக்கிற கரவன்களுக்கு என்னைப் போன்ற ஆள் தேவையில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் நாலு கால்களும் தாமாக இறங்கி, தாமாகவே மட்டம் பார்த்து, வேலை முடிந்தது என்று ஒரு சத்தமும் போட்டுவிட்டு நிற்கின்றன. என் இடத்துக்கு வந்தவர் போன மாதம் தொலைபேசியில் கேட்டார்: "இவ்வளவு காலமும் இதையெல்லாம் பலகையும் ஆப்பும் வைத்தா செய்தீர்கள்?" அதே வாரம் சங்க மலருக்கு என் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவிலிருந்து கேட்டார்கள். "பெருமையான விஷயங்களை எழுதுங்கோ அண்ணை" என்றார்கள். பெருமையான விஷயம் ஒன்றிரண்டு இருக்கிறது. அவற்றை ஓட்டமாகச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். இடம் போதாதென்று மலர்க்குழு வெட்டுவதானால் முன்பக்கத்தை வெட்டட்டும். பின்பக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

நான் மானிப்பாய்க்காரன். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்தேன். வடக்கே ஒரு கரையோரக் கிராமத்தில் ஐந்து வருடம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோ, புருசெத்தில் வீடு, ட்ராம் துடைக்கிற வேலை. முதுகு பிடித்துக்கொண்டதும் வேறு வேலை தேடினேன். தொண்ணூற்று நாலில் பெரித் என்ற நோர்வேஜிய அம்மா என்னை எடுத்தார். முதுகு பிடித்தவனுக்குக் கல் தூக்குகிற வேலையா என்று என் மனைவி கேட்டாள். ஆனாலும் போனேன்.

ஸ்ட்ரோம்மனில் பேருந்து மாறி இன்னும் முக்கால் மணி நேரம் போனால் காட்டுக்குள் ஓர் ஏரி வரும். அதன் கரையில் எண்பது கரவன்கள் நிற்கும் இடம் பெரித்துடையது. கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற சக்கர வீடு. ஆனால் அங்கே நின்றவை ஊர் சுற்றுகிறவை அல்ல. வருடக்கணக்கில் ஓரிடத்தில் நிற்பவை. நோர்வேஜியர் வருட வாடகைக்கு இடம் எடுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து, ஞாயிறு வரை முன்னால் கதிரை போட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வண்டிகளைக் கல்லில் ஏற்றி மட்டமாக நிறுத்துவதும், ஒவ்வொரு வசந்தத்திலும் அதைச் சரிபார்ப்பதும் என் வேலை.

கேட்க லேசு. புல்லை வெட்டி எடுத்து, கறுப்பு மண்ணைத் தோண்டி, சல்லிக்கல் கொட்டி இடிக்க வேண்டும். வண்டியைக் கொண்டுவந்து, சக்கரத்துக்குத் தடை வைத்து, முதலில் இடம் வலம் மட்டம் பார்க்க வேண்டும். முன்பின் மட்டம் அதற்குப் பிறகுதான். மாற்றிச் செய்தால் நாள் முழுவதும் பாரம் தூக்குகிற ஜக்கோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வரலாம். அதன்பின் ஜக் வைத்துத் தூக்கி, வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு நேர் கீழே சீமெந்துக் கல் அடுக்க வேண்டும். கல்லின் ஓட்டை வானம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் படுத்தால் பாரத்துக்குக் கல் வெடிக்கும். இரும்பு சீமெந்தில் நேரே இருக்கக்கூடாது என்பதால் கல்லுக்கு மேலே ஒரு தடித்த பலகை. பலகைக்கு மேலே இரண்டு ஆப்பு, எதிரெதிராக அடித்து இறுக்க வேண்டும்.

நாலு மூலையிலும் கைபிடியால் சுற்றி இறக்குகிற கால்கள் உண்டு. அவை கடைசியாக. நிலத்தைத் தொட்டபின் கைபிடியை இன்னும் கால்வாசிச் சுற்று, அவ்வளவுதான். முதல் நாளே பெரித் அந்தக் காலில் தன் சப்பாத்தால் தட்டிக் காட்டிச் சொன்னார்: "இது வண்டியைத் தாங்க அல்ல. ஆடாமல் பிடிக்க. தாங்குவது கல். இதை மறக்கிறவன் என்னிடம் வேலை செய்ய முடியாது."

பெரித் அறுபதை நெருங்கியவர். குள்ளம். என்னோடு வேலை செய்த காலத்தில் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஏச வேண்டுமென்றால் பேசாமல் நிற்பார். அந்த மௌனத்துக்கு முன்னால் நிற்பதைவிட ஏச்சு வாங்குவது நல்லது. நான் நீர்மட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறது என்று காட்டினாலும் அவருக்குக் காணாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறுவார். மலசலகூடக் கதவைப் பாதி திறந்து கையை விடுவார். கதவு தானாக மூடினாலும் பிழை, தானாகத் திறந்தாலும் பிழை. விட்ட இடத்தில் நின்றால்தான் வண்டி மட்டம். நின்றுவிட்டால் ஒரு தலையாட்டல். ஒரு தலையாட்டலுக்காக நான் முழங்கால் தேயச் சேற்றில் கிடந்திருக்கிறேன்.

ஒருமுறை கடும் குளிரில் மண்ணுக்குள் நீர் உறைந்து நிலம் பொங்கி ஐம்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் சரிந்து கிடந்தன. பனி உருகியதும் மூன்று கிழமைக்குள் எல்லாவற்றையும் தனியே நிமிர்த்தினேன். எல்லாக் கதவும் நின்றது. பெருமை என்றால் அதுதான். இனி மற்றது.

பத்து வருடத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் அங்கே இடம் எடுக்கவில்லை. நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அகதிக் காம்பிலை இருந்து தப்பி வந்தனாங்கள். திரும்பவும் காம்புக்கோ?" என்று சிரிப்பார்கள். புருசெத்தில் நல்ல வீடு இருக்க நுளம்புக் கடிக்குள் போய்ப் படுப்பானேன் என்பார்கள். இரண்டாயிரத்து நாலில் தேவன்தான் முதலில் ஓம் என்றான்.

தேவன் எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி மேலே இருந்தவன். என்னைவிடப் பதினைந்து வயது இளமை. சாவகச்சேரியில் மோட்டார் சைக்கிள் திருத்தியவன். ஒஸ்லோவுக்கு வந்து மூன்று வருடம். வெதுப்பகத்தில் எங்கள் ஆட்களோடேயே வேலை என்பதால் நோர்வேஜிய மொழி வாயில் வரவில்லை. ஆனால் கை வந்தது. கட்டடத்தில் யார் வீட்டில் எது உடைந்தாலும் தேவனைத்தான் கூப்பிடுவோம். அவன் மனைவி கமலா அவனுக்கு முன்னமே வந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்து, மொழியும் நன்றாகப் படித்திருந்தாள். மலிவாக ஒரு பழைய கரவன் கிடைத்தது. பெரித் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் இடம் கொடுத்தார். உள்ளே அலுமாரிக் கதவு, பிணைச்சல், தண்ணீர்க்குழாய் எல்லாவற்றையும் தேவன் தானே திருத்தினான்.

அந்த நாட்களில் ஒருமுறை, கமலா பக்கத்தில் இல்லாத நேரம், அவன் சொன்னான்:

"அண்ணை, உங்களுக்குத் தெரியுமோ, இஞ்சை வீட்டுக்குப் பால் காய்ச்சேக்கை தெற்குப் பக்கம் பொங்கி வழிஞ்சிட்டுது. அந்த வருஷம் பிள்ளை தங்கேல்லை. பிறகும் ஒருக்காத் தங்கேல்லை. அவ ஒண்டும் சொல்லமாட்டா. ஆனா பால் அடுப்பிலை வைக்கேக்கையெல்லாம் முகத்தைப் பாருங்கோ."

கரவனுக்கும் பால் காய்ச்சப்போகிறார்கள் என்றும் சொன்னான். சக்கரம் வைத்த வீடானாலும் வீடுதானே. சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நல்ல நேரம்.

பால் எந்தப் பக்கம் பொங்கும் என்பது அடுப்பு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. மட்டம் பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் போகுமா? பானை விளிம்புவரை பால் இருந்தால் ஒன்றரை விரல் சரிவு போதும். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. தேவன் கேட்கவில்லை, கமலா கேட்கவில்லை. நானாகவே முடிவெடுத்தேன். ஒரு பெண்ணின் மனப்பயத்தை ஒரு ஜக்கால் தீர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு தலைக்கனம்.

வெள்ளிக்கிழமை முறைப்படி நிறுத்தினேன். ஏரி கிழக்கே. நிலம் அந்தப் பக்கம் சரிவு. அதனால் கிழக்குப் பக்கம் இரண்டு கல் உயரம். பெரித் வந்து கதவைப் பாதி திறந்து கையை விட்டார். நின்றது. தலையாட்டினார். அன்று பின்னேரமே தன் தங்கை வீட்டுக்கு வடக்கே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆட்கள் வருமுன், நான் தனியே போனேன். கிழக்குப் பக்கத்தை ஜக்கால் சற்றுத் தூக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த ஆப்புகளையும் பலகைகளையும் உருவினேன். பிறகு மெல்ல இறக்கினேன். கல்லில் இருத்தினால் நாலு விரல் இறங்கிவிடும், வெறும் கண்ணுக்கே தெரியும். எனக்கு வேண்டியது ஒன்றரை விரல். அதற்கு மெல்லிய பலகை தேட வேண்டும், கொட்டிலுக்குப் போய் அறுக்க வேண்டும். நேரமில்லை. ஆகவே கிழக்குப் பக்கத்து இரண்டு கால்களையும் சுற்றி இறக்கி, வண்டியின் அந்தப் பக்கத்துப் பாரத்தை அவற்றில் விட்டேன். எந்தக் காலை பெரித் சப்பாத்தால் தட்டிக் காட்டினாரோ அதே கால். பால் பொங்கி முடிய, கால் மணி நேர வேலை, திரும்பப் பலகையை வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். பலகைகளைத் தள்ளுவண்டியில் போட்டுச் சாக்கால் மூடினேன். மூடும்போதே இது பிழை என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிழை என்று தெரியாமல் செய்கிற வேலைக்குச் சாக்குத் தேவையில்லை.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துக் கரவன் நோர்வேஜியக் கிழவனும் கிழவியும் கோப்பிப் போத்தலோடு வந்து, இவர்கள் ஏன் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று புரியாமல் தாங்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் எழும்பியது. ஏரிப்பக்கம் சரிந்து, கிழக்கே வழிந்தது.

கமலா அழுதுவிட்டாள். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "அண்ணை, கிழக்கை பொங்கினது. பார்த்தனீங்களோ? இனி இந்த வண்டியிலை ஒண்டையும் அசைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அண்ணைதான் எங்களுக்கு இந்த இடத்தைக் காட்டினவர் என்றார்கள். கமலாவும் பெண்களும் உள்ளே இருந்து வடை சுட்டுத் தந்துகொண்டே இருந்தார்கள். மத்தியானம் பெரித் தொலைபேசி எடுத்தார். "கதவு இன்னும் நிற்கிறதா?" என்றார். "நிற்கிறது" என்றேன்.

அன்று பின்னேரம் செய்யலாம் என்றால் அவர்கள் அங்கேயே தங்கினார்கள். எல்லோரையும் வெளியே எடுத்து ஜக் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஞாயிறு மழை. மழைக்குள் சேற்றில் படுக்க வேண்டாம், திங்கள் அவர்கள் வேலைக்குப் போனபின் செய்யலாம் என்று நினைத்து வீட்டில் இருந்தேன். அலுப்பு ஒரு பங்கு. மிச்சமெல்லாம், நான் செய்ததை அவர்கள் கண்டுவிடக்கூடாது என்ற பயம்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, மழையில் ஊறிய நிலத்தில் முன்பக்கத்துக் கால் புதைந்து மடிந்தது. சட்டம் கல்லின் விளிம்பில் இடிக்க, கல்லடுக்கு ஏரிப்பக்கம் கவிழ்ந்தது. வண்டியின் அந்த மூலை ஒரு முழம் விழுந்தது. அடுப்பில் தேநீருக்குச் சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கமலா அதற்கு முன்னால் நின்றாள்.

இடது கை முழங்கை வரைக்கும் வெந்தது, இடது தொடையும். பக்கத்துக் கிழவன்தான் தன் காரில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனான். ஒன்றரை மாதம் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

திங்கள் காலை பெரித் திரும்பி வந்தார். தேவன் உடுப்புகளை எடுக்கத் தனியே வந்திருந்தான். கவிழ்ந்த கற்களைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பெரித் குனிந்து கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்பக்க அடுக்கையும் பார்த்தார்.

"பலகை எங்கே?" என்றார்.

"நான் வைத்தேன். நீங்களும் பார்த்தீர்கள்" என்றேன். "பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது."

"இவரைக் கேள். பலகையை எடுத்தாரா?"

தேவனுக்கு மொழி விளங்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மொழிபெயர்க்க வேண்டும். நான் கேட்டது இது:

"தேவன், காலைத் தொட்டனீரோ எண்டு கேக்கிறா."

அவன் முகம் வெளுத்தது. "ஓம் அண்ணை. சனி பின்னேரம் உள்ளை நடக்கேக்கை முன்பக்கம் கிறீச் எண்டது. கைபிடியைப் போட்டு மூண்டு சுத்துச் சுத்தினனான். மூண்டே மூண்டு சுத்துத்தான். அதாலையோ அண்ணை விழுந்தது? கேட்டுச் சொல்லுங்கோ."

நான் பெரித்திடம் சொன்னேன்: "காலைச் சுற்றியிருக்கிறார். மூன்று சுற்று."

அவன் கேட்கச் சொன்ன கேள்வியை நான் கேட்கவில்லை. ஆனால் பெரித் கேட்காமலே பதில் சொன்னார்: "மூன்று சுற்றில் கரவன் விழாது. அதை அவருக்குச் சொல். அவர் பயந்துபோய் நிற்கிறார். பலகையைப் பற்றிக் கேள்."

நான் தேவன் பக்கம் திரும்பினேன். "இனித் தொடவேண்டாம் எண்டு சொல்லுறா" என்றேன்.

பெரித் பக்கம் திரும்பினேன். "பலகையைப் பற்றித் தெரியாதாம்" என்றேன்.

இருவருக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக நடித்து, இரண்டு பொய். என் ஐம்பத்தெட்டு வயதில் செய்தது. இயக்கம் ஆமி என்று ஊரில் பயந்து சொன்ன பொய்களுக்காக நான் வெட்கப்பட்டதில்லை. இதற்கு ஒரு துவக்கும் எனக்கு முன்னால் நீட்டப்படவில்லை. பேசாமல் நிற்கிற ஒரு குள்ளமான அம்மாவின் முன்னால் வேலை போய்விடும் என்ற பயம், அதைவிட, "அண்ணை, அண்ணை" என்று கையைக் குலுக்கியவர்கள் முகத்தைத் திருப்பிவிடுவார்கள் என்ற பயம். வேறொன்றுமில்லை.

பெரித் நிறைய நேரம் பேசாமல் நின்றார். பிறகு தேவனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த இடம் உங்களுக்குத்தான், திரும்பவும் நிறுத்தித் தருகிறோம் என்று பெரித் கடிதம் போட்டார். தேவன் மாட்டேன் என்றான். நான் வற்புறுத்தவில்லை. அவர்கள் அங்கே வராமலிருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. கரவனை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் கதை புருசெத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஆட்களைச் சொல்ல வேண்டுமா? தானே திருத்துகிறேன் என்று போய்ப் பெண்சாதியைச் சுடுதண்ணியில் அவித்தவன் என்று தேவனுக்குப் பெயர் வந்தது. "மூண்டு சுத்து" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கோயில் வாசலில், கலியாணவீட்டில், டி-பானே ரயிலில் எதிரில் இருந்தாலும், "என்ன மூண்டு சுத்து, எப்பிடிச் சுகம்?" தேவன் சிரிப்பான். ஒரு பிறந்தநாள் விழாவில் மேசை ஒன்று ஆடியபோது யாரோ, "மூண்டு சுத்தைக் கூப்பிடாதேங்கோ, கூரை விழும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது மட்டுமல்ல, தேவன் என்னைப் பார்க்கிறான் என்று தெரிந்தும் சிரித்தேன்.

இப்படியே ஐந்து வருடம். இந்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பெரித் கேக் வெட்டி, கரவன்காரர்களைக் கூப்பிட்டு, ஒரு புது நீர்மட்டத்தை நாடா கட்டிப் பரிசாகத் தந்தார். இத்தனை வருடத்தில் இவர் நிறுத்தியவற்றில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது, அதுவும் ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை என்று சொன்னார். கைதட்டினார்கள். நான் அந்த நீர்மட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எல்லோரும் போனபின் பெரித்தின் மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்தப் பலகையை இரண்டு நாள் தேடினேன். உன் தள்ளுவண்டியில் மட்டும் தேடவில்லை. அங்கே தேடினால் என் கண்ணில் நீ வேறு ஆளாகிவிடுவாய் என்று பயந்தேன்." கடைசியாக: "நான் அன்று ஒரு வசனம் சொன்னேன். அதை அந்த மனிதரிடம் கொண்டுபோய்க் கொடு. அது அவருடையது."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மாடி ஏறிப் போனேன். கமலா கதவைத் திறந்தாள். "வாங்கோ அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி போடுறன்" என்றாள். வரவேற்பறையில் திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் கழன்று சரிந்து தொங்கியது. மட்டம் பார்த்த கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது.

"தேவன் பூட்டித் தரேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

"அவர் இப்ப ஒண்டும் தொடமாட்டார் அண்ணை. பல்ப் மாத்தவும் ஆளைத்தான் கூப்பிடவேணும். தான் தொட்டா விழுமாம்."

தேவன் உள்ளேயிருந்து வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தான். தேநீர் வருமுன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் கையால் தந்ததைக் குடித்துவிட்டுச் சொல்ல எனக்கு வாய் வராது. சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து தொடங்கினேன். ஜக், பலகை, சாக்கு, கால், பால். திங்கள் காலை பெரித் கேட்டது, நான் கேட்டது, அவர் சொன்னது, நான் சொன்னது.

முதலில் பேசியது கமலா. தேநீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றிருந்தாள்.

"வண்டி சரிஞ்சிருந்தது எனக்குத் தெரியும் அண்ணை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"பாலைப் பானையிலை ஊத்தேக்கையே பார்த்தனான். கிழக்குப் பக்கம் விளிம்புவரைக்கும் நிண்டது, மேற்குப் பக்கம் கீழை. பால் காய்ச்சிற பொம்பிளைக்கு அது தெரியாதோ?" அவள் கணவனைப் பார்த்தாள். "இவர்தான் எனக்காகச் சரிச்சு வைச்சவர் எண்டு நினைச்சன். எனக்குச் சந்தோஷம் வரவேணும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் செய்திருக்கிறார் எண்டு. அதுக்குத்தான் அழுதனான். பால் பொங்கினதுக்கில்லை. பிறகு கை வெந்தாப்போலையும் நான் ஒரு வார்த்தை கேக்கேல்லை. எனக்காகச் செய்த மனிசனை எப்பிடிக் கேக்கிறது?"

தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள். "அப்ப இவர் செய்யேல்லை" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை.

சுடுதண்ணீரால் அவளுக்கு நான் செய்தது ஒன்று. இது இரண்டாவது. ஐந்து வருடம் அவள் தழும்பை மறைக்காமல் திரிந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அதையும் நான் போய்ப் பிடுங்கிவிட்டேன்.

தேவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த அம்மா என்ன சொன்னவ எண்டு திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

"மூண்டு சுத்திலை கரவன் விழாது. அதை அவருக்குச் சொல்லு. அவர் பயந்துபோய் நிக்கிறார்."

"அண்டைக்கே சொன்னவவோ?"

"ஓம்."

"நீங்கள் எனக்குப் பக்கத்திலை நிண்டனீங்கள்."

"ஓம் தேவன்."

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். நானும் எழுந்தேன். கோபம் அவன் குரலில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"என்னட்டைச் சொல்லி என்ன அண்ணை? எனக்குப் பேர் வைச்சவையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. எல்லாருக்கும். பால் கதையையும் சேர்த்து."

நான் கமலாவைப் பார்த்தேன். அவளும் தலையாட்டினாள். வழக்கமாக வாசலில் "போட்டு வாங்கோ அண்ணை" என்பவன் அன்று கதவைச் சாத்தினான்.

சங்க மலர் புருசெத்தில் எல்லா வீட்டுக்கும் போகும் என்பதால் இங்கே எழுதுகிறேன். பட்டப்பெயர் வைத்தவர்களுக்கும், கூப்பிட்டவர்களுக்கும், என்னைப் போலச் சேர்ந்து சிரித்தவர்களுக்கும்: தேவன் சுற்றியது மூன்று சுற்று. மூன்று சுற்றில் கரவன் விழாது. பலகையை எடுத்தவன் நான்.